நான்கு தங்கமும் ஒரு தராசும்

2023 மார்ச் 25, 26. சனி, ஞாயிறு. டெல்லி இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தின் கே.டி. ஜாதவ் அரங்கில் பெண்கள் உலக பாக்சிங் சாம்பியன்ஷிப்பின் இறுதிச் சுற்று. நம் பெண்கள் நால்வர் ஃபைனலுக்கு வந்திருந்தார்கள். சனிக்கிழமை நீத்து கங்காஸும் சவீட்டி பூராவும் ஜெயித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நிகத் ஜரீனும் லவ்லினா போர்கோஹெய்னும் ஜெயித்தார்கள். ஆக, நாலுக்கு நாலு. தங்கப் பட்டியலில் சீனாவைத் தாண்டி இந்தியா முதலிடம்.

அன்று வீட்டுக்கு வந்திருந்த மச்சானிடம் பெருமையாகச் சொன்னேன். “ஒலிம்பிக்கா?” என்றார். இல்ல மச்சான், உலக சாம்பியன்ஷிப் என்றேன். “ஓ” என்றவர், ஐ.பி.எல். முதல் மேட்ச் வெள்ளிக்கிழமைதானே என்று பேச்சை மாற்றிவிட்டார்.

அந்த ‘ஓ’ மீது எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அடுத்த ஒன்றரை வருஷத்தில் நடந்ததைப் பார்த்தபின், அவர் கேட்ட கேள்வி ஒன்றும் மோசமான கேள்வி இல்லை என்று தோன்றியது. உலக சாம்பியன் என்றால் உலகத்தில் முதல் ஆள் என்றுதானே அர்த்தம்? பாக்சிங்கில் அதைச் சொல்வதற்கு முன் இரண்டு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. எந்த எடையில்? யார் யார் வந்திருந்தார்கள்?

முதலில் அந்த நால்வரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நீத்து 48 கிலோ. ஹரியாணாவில் பிவானி மாவட்டம், தனானா கிராமம். பிவானி என்றாலே பாக்சிங். விஜேந்தர் சிங் வந்த ஊர், அவருக்குச் சொல்லிக்கொடுத்த ஜக்தீஷ் சிங்கின் கிளப் இருக்கும் ஊர். நீத்துவும் அங்கே வளர்ந்தவர்தான். அப்பா அரசு ஊழியர். மகளைப் பயிற்சிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவர வருஷக்கணக்கில் சம்பளமில்லா விடுப்பு எடுத்த மனிதர். இதைக் கேட்கும்போதெல்லாம், அந்த வருஷங்களில் அந்த வீட்டில் மாதக் கடைசி எப்படி ஓடியிருக்கும் என்றுதான் என் மனம் கணக்குப் போடும். டெல்லியில் நீத்துவின் முதல் மூன்று சண்டைகளையும் முழுசாக நடக்க விடாமல் ரெஃப்ரி பாதியிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. 48 கிலோவில் இது அபூர்வம். இவ்வளவு இலகுவான எடையில் புள்ளிக்கணக்குதான் முடிவு சொல்லும். இடக்கையை முன்வைக்காமல் பின்னால் வைத்துக் குத்தும் சவுத்பா ஆட்டக்காரி. வந்தால் விடாமல் அடிப்பார். ஃபைனலில் மங்கோலியாவின் லுட்சைகான் அல்தான்செட்செக்கை 5-0 என்று வென்றார்.

அந்த இடத்துக்கு நீத்து வந்ததற்குப் பின்னால் இன்னொரு பெண் இருக்கிறார். 2019 உலன்-உடே உலக சாம்பியன்ஷிப்பில் இதே 48 கிலோவில் வெள்ளி வென்ற மஞ்சு ராணி. இந்த முறை நேரடி டிரையல் வைக்காமல், முகாமில் மதிப்பெண் போட்டு அணியைத் தேர்ந்தெடுத்தார்கள். மஞ்சு உள்பட மூன்று பேர் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனார்கள், பலிக்கவில்லை. நீத்து தங்கத்தோடு வந்துவிட்டதால் அந்தக் கேள்வியை அதற்கப்புறம் யாரும் எழுப்பவில்லை. ஜெயித்துவிட்டால் தேர்வு முறை சரி என்று ஆகிவிடுமா என்ன?

சவீட்டி 81 கிலோ. ஹிசார்க்காரர், முதலில் கபடி ஆடியவர். 2014இல் தென்கொரியாவின் ஜேஜூவில் வெள்ளி. அதற்கப்புறம் ஒன்பது வருஷம். அந்த இடைவெளியில் ஓய்வு பெற்றவர்கள் எத்தனையோ பேர். சவீட்டி நின்றார். ஃபைனலில் எதிரில் வந்தது சீனாவின் வாங் லீனா, 2018இல் இதே டெல்லியில் இதே எடையில் தங்கம் வென்றவர். ஸ்கோர் 4-3.

இந்த 4-3 என்ன கணக்கு என்று பலர் கேட்பார்கள். ஜட்ஜ் ஐந்து பேர்தானே, ஏழு எப்படி வந்தது? அமெச்சூர் பாக்சிங்கில் மூன்று ரவுண்டு, ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். ரிங்கைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஐந்து ஜட்ஜும் ஒவ்வொரு ரவுண்டுக்கும் தனித்தனியாக மார்க் போடுவார்கள். ஜெயித்தவருக்கு 10, மற்றவருக்கு 9 அல்லது அதற்கும் கீழே. முடிவில் ஒவ்வொரு ஜட்ஜின் கூட்டலிலும் யார் முன்னால் என்று பார்த்தால் 5-0, 4-1, 3-2 என்று வரும். (5-0 என்பதைப் பார்த்து ஒருதலைப்பட்சமான சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்து பேரும் 29-28 என்று மயிரிழையில் போட்டிருந்தாலும் பலகையில் 5-0 என்றுதான் தெரியும். செய்தித்தாளில் ‘ஊதித் தள்ளினார்’ என்று எழுதுவார்கள்.) ஜட்ஜுகள் 3-2 என்று பிளந்து நின்றால், அன்றைக்கு இருந்த விதிப்படி, மேற்பார்வையில் இருந்த இன்னும் இரண்டு பேரின் மார்க்கையும் சேர்த்துக்கொள்வார்கள். அப்போதுதான் 5-2, 4-3 எல்லாம் வரும்.

இதைத் தெரிந்துகொண்டு டெல்லி ஸ்கோர்களைத் திரும்பப் பாருங்கள். அரையிறுதியில் நீத்து கஜகஸ்தானின் அலுவா பல்கிபெகோவாவை வென்றது 5-2. காலிறுதியில் நிகத் தாய்லாந்தின் சுத்தமத் ரக்சத்தை வென்றது 5-2. ஃபைனலில் லவ்லினா ஆஸ்திரேலியாவின் கெய்ட்லின் பார்க்கரை வென்றது 5-2. சவீட்டிக்கு அரையிறுதி, ஃபைனல் இரண்டுமே 4-3. நான்கு தங்கத்துக்குப் போகும் வழியில் நான்கு பேருமே ஒரு தடவையாவது ஜட்ஜுகளைப் பிளக்கவைத்துத்தான் மேலே வந்திருக்கிறார்கள். சொந்த ஊர்க் கூட்டத்தின் சத்தம் ஜட்ஜின் காதில் விழாது என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. அதற்காக அந்தத் தங்கம் மாற்றுக் குறைந்தது என்றும் சொல்ல மாட்டேன். அவ்வளவு நெருக்கமான சண்டைகள், அவ்வளவுதான்.

நிகத்தின் கதை பாதி இந்தியாவுக்குத் தெரியும். தெலங்கானாவின் நிஜாமாபாத். டோக்கியோ தகுதிச்சுற்றுக்கு யாரை அனுப்புவது என்ற பேச்சு வந்தபோது, மேரி கோமோடு ஒரு டிரையல் கொடுங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டார். 2019 டிசம்பரில் அந்த டிரையல் நடந்தது. மேரி 9-1 என்று ஜெயித்தார். சண்டை முடிந்ததும் கை கொடுக்காமல் போய்விட்டார். அன்று நாடே இரண்டாகப் பிரிந்து பேசியது. நான் அப்போதும் நிகத் பக்கம், இப்போதும் நிகத் பக்கம். கேட்டது டிரையல்தானே, சலுகை இல்லையே. 2022இல் இஸ்தான்புல்லில் 52 கிலோவில் உலக சாம்பியன் ஆனார். ஆனால் பாரிஸ் ஒலிம்பிக்கில் 52 கிடையாது, 50தான். அதனால் இறங்கினார்.

எடை மாறியதால் டெல்லியில் அவருக்கு சீடிங் இல்லை. நடப்பு உலக சாம்பியன், சீடிங் இல்லாதவராக முதல் சுற்றிலிருந்து ஆறு சண்டை போட வேண்டியிருந்தது. இரண்டாவது சண்டையிலேயே முதல் சீடான அல்ஜீரியாவின் ரோமைசா பூஆலம். அரையிறுதியில் ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற கொலம்பியாவின் இங்ரிட் வலென்சியா. ஃபைனலில் வியட்நாமின் நுயென் தி டாம், 5-0. மேரி கோமுக்கு அடுத்து ஒன்றுக்கு மேற்பட்ட உலகப் பட்டம் வென்ற இந்தியப் பெண் நிகத்தான்.

ஆறு சண்டை என்பதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தொழில்முறை பாக்சிங்கில் முந்தின நாள் எடை பார்ப்பார்கள். அப்புறம் தண்ணீர், சாப்பாடு என்று ஏற்றிக்கொண்டு மறுநாள் வரலாம். அமெச்சூரில் அப்படி இல்லை. சண்டை இருக்கிற ஒவ்வொரு நாளும் காலையில் தராசில் ஏற வேண்டும். ஆறு சண்டை என்றால் ஆறு காலை. சாதாரணமாக 52 கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும் உடம்பை இரண்டு வாரம் 50க்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் வினேஷ் போகத்தின் அந்த நூறு கிராமுக்குப் பிறகு இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அது மல்யுத்தம், இது பாக்சிங், தராசு ஒன்றுதான்.

லவ்லினா 75 கிலோ. அசாமின் கோலாகாட் மாவட்டத்தில் பரோமுகியா கிராமம். டோக்கியோவில் 69 கிலோவில் வெண்கலம். 2018, 2019 உலக சாம்பியன்ஷிப்களிலும் 69 கிலோவில் வெண்கலம். பாரிஸில் 69 எடுக்கப்பட்டுவிட்டது. 66க்கு இறங்க வேண்டும், இல்லையென்றால் 75க்கு ஏற வேண்டும். உயரமான உடம்பு, ஏறினார். டெல்லி அரையிறுதியில் சீனாவின் லி சியானை 4-1 என்று வென்றார். இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கத்துக்கு ஒரு லட்சம் டாலர் பரிசு. அன்றைய கணக்கில் எண்பது லட்ச ரூபாய்க்கு மேல். அமெச்சூர் பாக்சிங்கில், அதுவும் பெண்களுக்கு, இது பெரிய தொகை. இவ்வளவு பணம் வைத்திருந்த சங்கத்துக்கு மரியாதைதான் குறைவாக இருந்தது. ஐ.பி.ஏ. என்கிற சர்வதேச சங்கம் ரஷ்யாவின் உமர் கிரெம்லேவ் தலைமையில் இருந்தது. உக்ரைன் போருக்கு நடுவே ரஷ்ய, பெலாரஸ் வீராங்கனைகளை அவரவர் கொடியோடு ஆட அனுமதித்தார்கள். அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து என்று பல நாடுகள் டெல்லிக்கு வரவே இல்லை. இஸ்தான்புல்லில் தங்கம் வென்ற அயர்லாந்தின் ஏமி பிராட்ஹர்ஸ்டும் லீசா ஓ’ரூர்க்கும் தங்கள் பட்டங்களைக் காக்க டெல்லிக்கு வரவில்லை. டோக்கியோ தங்க மங்கை கெல்லி ஹாரிங்டனும் வரவில்லை.

வந்தவர்களில் இரண்டு பேர் பாதியில் அனுப்பப்பட்டார்கள். அல்ஜீரியாவின் இமான் கெலிஃப் 66 கிலோவில் ஃபைனல் வரை வந்துவிட்டார். ஃபைனலுக்குச் சில மணி நேரம் முன்பு தகுதிநீக்கம். தைவானின் லின் யூ-டிங் 57 கிலோவில் வாங்க வேண்டிய வெண்கலம் பறிபோனது. பாலினத் தகுதிச் சோதனையில் தேறவில்லை என்றது ஐ.பி.ஏ.; என்ன சோதனை, என்ன முடிவு என்று அப்போது வெளியிடவில்லை. அரையிறுதியில் கெலிஃபிடம் தோற்ற தாய்லாந்தின் ஜான்ஜெம் சுவன்னபெங் ஃபைனல் ரிங்கில் ஏற்றப்பட்டு, சீனாவின் யாங் லியுவிடம் தோற்றார்.

அந்தச் சோதனை சரியா, விதி எப்படி இருக்க வேண்டும் என்பதில் நல்ல மனசுள்ளவர்களே எதிரெதிராக நிற்கிறார்கள்; அதை ஒரு பத்தியில் தீர்க்க நான் யார்? எனக்கு உறுத்தியது வேறு. போட்டி தொடங்குவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய ஒன்றை, ஒருவர் ஃபைனல் வரை குத்தி, குத்து வாங்கி வந்தபிறகு செய்தார்கள். கெலிஃபுக்கும் அது அநியாயம், அவரிடம் தோற்று வெளியே போனவர்களுக்கும் அநியாயம். மூன்று மாதம் கழித்து, 2023 ஜூனில், சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ஐ.பி.ஏ.வின் அங்கீகாரத்தையே ரத்து செய்தது. காரணம் இது இல்லை; நிர்வாகம், பணம், நடுவர் நேர்மை என்று வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்த பஞ்சாயத்து. பாரிஸில் பாக்சிங்கை ஒலிம்பிக் கமிட்டியே நேரடியாக நடத்தியது.

இப்போது பாரிஸுக்கு வருவோம். அதற்கு முன் ஹாங்சோ ஆசிய விளையாட்டு, 2023 அக்டோபர். டெல்லியில் நிகத் 5-2 என்று வென்ற அதே சுத்தமத் ரக்சத், ஹாங்சோ அரையிறுதியில் நிகத்தை 3-2 என்று வென்றார். டெல்லியில் லவ்லினா வென்ற அதே லி சியான், ஹாங்சோ ஃபைனலில் லவ்லினாவை 5-0 என்று வென்றார். இருவருக்கும் பாரிஸ் டிக்கெட் கிடைத்தது என்பதால் நாம் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

பாரிஸில் நிகத்துக்கு மறுபடியும் சீடிங் இல்லை. முதல் சண்டையில் ஜெர்மனியின் மேக்ஸி குளோட்சரை வென்றார். அடுத்த சண்டையிலேயே முதல் சீடு, சீனாவின் வூ யூ. இந்த வூ யூ யார் தெரியுமா? டெல்லியில் 52 கிலோவில் தங்கம் வென்றவர். அதாவது டெல்லியில் ஒரே வார இறுதியில் பக்கத்துப் பக்கத்து எடைகளில் தங்கம் வென்ற இருவரை, ஒலிம்பிக்கின் எடைப் பட்டியல் கொண்டுவந்து ஒரே 50 கிலோ ரிங்கில் எதிரெதிராக நிறுத்திவிட்டது. வூ யூ 5-0. எடை குறைப்பதற்காக முந்தைய இரண்டு நாள் ஒன்றும் சாப்பிடவில்லை என்று தோல்விக்குப் பிறகு கண்ணீரோடு சொன்னார் நிகத். லவ்லினா காலிறுதியில் லி சியானிடம் 4-1 என்று தோற்றார். வூ யூவுக்கும் தங்கம், லி சியானுக்கும் தங்கம். நம் பாக்சிங் அணி பதக்கமில்லாமல் திரும்பியது.

நான் அப்போது ஒரு வேலை செய்தேன். டெல்லியின் பன்னிரண்டு எடைகளில் தங்கம் வென்ற பன்னிரண்டு பேரையும் பாரிஸ் முடிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு பேரில் பாரிஸில் தங்கம் வென்றவர் வூ யூ ஒருவர்தான். யாங் லியுவுக்கு வெள்ளி. பிரேசிலின் பியாட்ரிஸ் ஃபெரேராவுக்கு வெண்கலம். அவரை அரையிறுதியில் வீழ்த்தியவர், டெல்லிக்கே வராத கெல்லி ஹாரிங்டன். இத்தாலியின் இர்மா டெஸ்டா, தைவானின் ஹுவாங் சியாவ்-வென் எல்லாம் வெறுங்கை. மறுபக்கம், டெல்லியிலிருந்து அனுப்பப்பட்ட இமான் கெலிஃபும் லின் யூ-டிங்கும் பாரிஸில் தங்கம் வென்றார்கள். கெலிஃப் அரையிறுதியில் வென்றது ஜான்ஜெமை, ஃபைனலில் வென்றது யாங் லியுவை. டெல்லியில் நடக்க வேண்டியிருந்த ஃபைனல், பதினாறு மாதம் கழித்து பாரிஸில் நடந்தது.

நீத்துவும் சவீட்டியும் இந்தக் கணக்கிலேயே வரவில்லை. பாரிஸில் பெண்களுக்கு ஆறு எடைதான்: 50, 54, 57, 60, 66, 75. நீத்துவின் 48 இல்லை, சவீட்டியின் 81 இல்லை. நீத்து 50க்கு ஏறலாம், அங்கே நிகத். சவீட்டி 75க்கு இறங்கலாம், அங்கே லவ்லினா. டெல்லியில் ஒரே மேடையில் ஒரே கொடியைப் பார்த்துக்கொண்டு நின்ற நால்வரில், இருவரின் ஒலிம்பிக் வழியை மற்ற இருவரே அடைத்துக்கொண்டிருந்தார்கள். யாருடைய குற்றமும் இல்லை. தராசில் ஆறு கோடு குறைவு, அவ்வளவுதான்.

இது புதுக்கதையும் இல்லை. 2006இல் இதே டெல்லியில் இதே உலக சாம்பியன்ஷிப் நடந்தது. அப்போதும் இந்தியாவுக்கு நான்கு தங்கம். மேரி கோம், சரிதா தேவி, ஜென்னி, கேரளத்தின் கே.சி. லேகா. லேகா 75 கிலோவில் உலக சாம்பியன் என்பது நம் பக்கத்து மாநிலம் தாண்டி எத்தனை பேருக்குத் தெரியும்? அன்று ஒலிம்பிக்கில் பெண்கள் பாக்சிங்கே கிடையாது. 2012 லண்டனில்தான் வந்தது. அதுவும் மூன்றே மூன்று எடை: 51, 60, 75. மேரி தன் உலகப் பட்டங்களை வென்றதெல்லாம் 45, 46, 48 கிலோவில். லண்டனுக்காக 51க்கு ஏறி, தன்னைவிட உயரமான பெண்களோடு மோதி, அரையிறுதியில் நிக்கோலா ஆடம்ஸிடம் தோற்று வெண்கலத்தோடு வந்தார். அந்த வெண்கலம்தான் மேரியை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதற்கு முன் வென்ற ஐந்து உலகத் தங்கத்தால் அது முடியவில்லை. மச்சானின் ‘ஓ’ அங்கேயிருந்து வருகிறது.

நம்மூர் நிலவரம் இன்னும் சோகம். 1994இல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்று, அர்ஜுனா விருதும் வாங்கிய நம் தேவராஜனின் பெயரைச் சொன்னால், எந்தத் தேவராஜன் என்பார்கள். ‘சார்பட்டா பரம்பரை’ வந்தபோது ஒரு மாதம் எல்லோரும் வடசென்னை பாக்சிங் நிபுணர்கள் ஆனோம். அதோடு சரி.

அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் வெண்கலம் கொடுக்கும் பழக்கம் பாக்சிங்கில் உண்டு. மூன்றாம் இடத்துக்குத் தனிச் சண்டை வைப்பதில்லை. அடி வாங்கிய உடம்பை மறுபடி ரிங்கில் ஏற்றக்கூடாது என்பதற்காக. நல்ல வழக்கம்தான். ஆனால் அதனால் காலிறுதிக்கும் அரையிறுதிக்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம் விழுந்துவிடுகிறது. காலிறுதியில் ஜெயித்தால் பதக்கம் உறுதி, தோற்றால் ஒன்றுமே இல்லை. டெல்லியில் காலிறுதியில் தோற்ற இந்தியப் பெண்கள் நால்வர். நான்கு தங்கத்தின் வெளிச்சத்தில் அவர்களை யாரும் கவனிக்கவில்லை. நானும் அப்போது கவனித்ததாக ஞாபகமில்லை. அதில் 60 கிலோவில் ஆடிய ஜாஸ்மின் லம்போரியாவும், 81 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் ஆடிய நூபுர் ஷியோரனும் உண்டு. நூபுரை 4-3 என்று வென்ற கஜகஸ்தானின் லஜ்ஜாத் குங்கேய்பயேவாதான் கடைசியில் அந்தப் பிரிவில் தங்கம் வாங்கினார்.

2025 செப்டம்பர், லிவர்பூல். ஐ.பி.ஏ.வின் இடத்துக்கு வந்திருக்கும் வேர்ல்டு பாக்சிங் என்ற புதுச் சங்கம் நடத்திய முதல் உலக சாம்பியன்ஷிப். இந்த முறை ஆண்களும் பெண்களும் சேர்ந்து. நிகத்தும் லவ்லினாவும் போயிருந்தார்கள். இருவருமே துருக்கிப் பெண்களிடம் தோற்றார்கள்: நிகத் காலிறுதியில், லவ்லினா முதல் சண்டையிலேயே. நம் ஆண்கள் அணிக்கு ஒரு பதக்கமும் இல்லை.

பதக்கம் வாங்கியது யார்? ஜாஸ்மின். இடையில் 60இலிருந்து 57க்கு இறங்கியிருந்தார். அது அவராகத் திட்டமிட்டு இறங்கியது இல்லை. ஆசிய விளையாட்டில் 57 கிலோவுக்கு ஒலிம்பிக் இடம் வாங்கித்தந்த பர்வீன் ஹூடா, சோதனைக்காகத் தான் இருக்கும் இடத்தைத் தெரிவிக்கத் தவறிய விவகாரத்தில் தடைபெற, அந்த இடம் கைநழுவியது. அதை மறுபடி பிடிக்க ஜாஸ்மினை அனுப்பினார்கள். பிடித்துக்கொண்டு பாரிஸும் போனார். முதல் சண்டையிலேயே பிலிப்பைன்ஸின் நெஸ்தி பெதெசியோவிடம் தோற்றார். அவ்வளவுதான் என்று நினைத்தவர்களில் நானும் உண்டு. ஒரு வருஷம் கழித்து லிவர்பூல் ஃபைனலில் அவர் எதிரில் நின்றது பாரிஸ் வெள்ளி மங்கை, போலந்தின் யூலியா ஷெரெமெட்டா. 4-1, தங்கம். அந்தச் சண்டையைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். முதல் ரவுண்டில் ஷெரெமெட்டா கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, தலையை ஆட்டிச் சீண்டுகிறார். அது அவர் பாணி. ஜாஸ்மின் அந்த வலைக்குள் போகவே இல்லை. தன் நீளமான கையை நம்பி, எட்டி நின்று, அவசரப்படாமல் ஆடினார். எடை குறைத்தபோது கை குறையவில்லையே. 57 கிலோவில் அந்த உயரம் அவருக்குத் தனி ஆயுதம்.

நூபுருக்கு 80 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் வெள்ளி. ஃபைனலில் போலந்தின் அகதா காச்மார்ஸ்காவிடம் 3-2 என்று நூலிழையில் தோற்றார். 1966, 1970 ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்ற ஹவா சிங்கின் பேத்தி அவர். 80 கிலோவில் பூஜா ராணிக்கு வெண்கலம். டோக்கியோ காலிறுதியில் இவரை வீட்டுக்கு அனுப்பியது யார் என்று நினைக்கிறீர்கள்? அதே லி சியான்தான்.

48 கிலோ தங்கம் மீனாக்ஷி ஹூடாவுக்கு. ரோத்தக் பக்கம் ருர்க்கி கிராமம், அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். ஃபைனலில் கஜகஸ்தானின் நஸிம் கிசாய்பாயை 4-1 என்று வென்றார். பாரிஸில் 50 கிலோவில் வெண்கலம் வாங்கியவர் அந்த நஸிம். டெல்லியில் நீத்து வென்ற அதே 48. லிவர்பூல் முடிந்த அன்று மீனாக்ஷியை வாழ்த்தி வந்த எல்லா பதிவுகளிலும் ‘அடுத்து லாஸ் ஏஞ்சலஸ்!’ என்று எழுதியிருந்தார்கள்.

2028 லாஸ் ஏஞ்சலஸில் பெண்களுக்கு ஏழு எடை. ஜாஸ்மினின் 57 இருக்கிறது. நூபுரின் பிரிவு இல்லை, பூஜாவின் 80 இல்லை. 48உம் இல்லை. கீழே முதல் எடையே 51தான். மீனாக்ஷிக்கு ஒலிம்பிக் வேண்டுமென்றால் மூன்று கிலோ ஏற வேண்டும். இப்போது அந்த 51இல் இருப்பவர் நிகத் ஜரீன். 2025 நவம்பரில் கிரேட்டர் நொய்டாவில் நடந்த உலகக் கோப்பை ஃபைனல்ஸில் அதே எடையில் தங்கம் வென்றுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இன்னொரு டிரையல் வரும். அதை நேரலையில் காட்டுவார்களா என்று தெரிந்தால் யாராவது சொல்லுங்கள். நான் பார்க்க வேண்டும்.